புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோன பழைய பெட்ரோல் பிக்கப், காரணம் தெரிந்துவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன மாதம் நான் கேட்டது இதுதான்: அப்பா ஓட்டிய பழைய பெட்ரோல் பிக்கப், பாயின்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்). காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். 20 நிமிடம் ஓடினால் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும்.

முதலில் பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரை மாற்றினேன், பலனில்லை. பெட்ரோல் லைனில் ஆவி அடைக்கலாம் என்றும் சிலர் சொன்னீர்கள். வண்டி நின்ற கையோடு பிளக்கைக் கழற்றி என்ஜினில் வைத்துப் பார்த்தேன், ஸ்பார்க்கே இல்லை. அப்படியானால் கோளாறு பெட்ரோலில் இல்லை, ஸ்பார்க் வரும் வழியில்தான்.

காயில் என்பது பேட்டரி மின்சாரத்தை ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டாக மாற்றும் சுருள். "காயிலைத் தொட்டுப் பார், அப்புறம் ஓம் அளந்து பார்" என்றவரின் யோசனைதான் பலித்தது. காயிலில் கை வைக்க முடியாத சூடு. ஆறியபின் அளந்தால் 1.5 ஓம். அழுக்கைத் துடைத்ததும், வெளி ரெசிஸ்டரோடுதான் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) பயன்படுத்த வேண்டும் என்ற எழுத்து தெரிந்தது. எதிர்பாராதது இதுதான்: யாரோ எப்போதோ அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்து, ஒரு சிவப்பு ஒயரை நேராக இழுத்து டேப் சுற்றியிருக்கிறார்கள். முழு 12 வோல்ட்டும் காயிலுக்கே, அதாவது 8 ஆம்பியர் வரை. பாயின்ட் முகம் நீலம் பாய்ந்து குழி விழுந்திருந்தது.

சரியான ரெசிஸ்டர் கிடைக்கவில்லை. அதனால் ரெசிஸ்டர் தேவைப்படாத 3 ஓம் காயில், புது பாயின்ட், இடைவெளி 0.4 மி.மீ. டைமிங்கையும் பார்த்துவிட்டேன். மூன்று வாரமாக உச்சிவெயிலில் லோடோடு ஓடுகிறது, ஒருமுறைகூட நிற்கவில்லை. காயில் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து முதலில் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.