சர்ச்சிலின் 1940 ஜூன் 4 உரை: கேட்டவர்களிடம் விளைந்ததை எப்படி நிறுவுவது?

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 3,38,000 நேச நாட்டு வீரர்கள் மீட்கப்பட்ட வேளையில், 1940 ஜூன் 4 அன்று வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டன் மக்களவையில் ஆற்றிய உரையைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். மைய இயலை இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும். அதிலேயே தேங்கி நிற்கிறேன்.

நாடாளுமன்றப் பதிவேட்டில் உள்ள முழு உரையையும் வரிவரியாகப் பகுத்துப் பார்த்துவிட்டேன். பின்வாங்கல்களால் போர்கள் வெல்லப்படுவதில்லை என்று முதலில் வெளிப்படையாகச் சொல்லி நம்பகத்தைப் பெறுகிறார். இறுதியில், 'போரிடுவோம்' என்ற வினை மாறாமல் திரும்பத் திரும்ப வர, களம் மட்டும் பிரான்ஸிலிருந்து கடலுக்கும், கடற்கரைக்கும், வயலுக்கும், தெருவுக்கும், குன்றுக்கும் என உள்நாட்டை நோக்கி நெருங்கி வருகிறது. அச்சத்தையும் உறுதியையும் ஒருசேர வளர்க்கும் இந்த அடுக்குதான் உரையின் உயிர் என்பது என் துணிபு.

ஆனால் உரை அன்று நேரடியாக ஒலிபரப்பாகவில்லை. மாலையில் பிபிசி செய்தி வாசிப்பாளரே அதன் பகுதிகளை வாசித்தார். நாம் இன்று கேட்கும் சர்ச்சிலின் குரல் 1949இல் பதிவானது என்பதால், குரலின் ஏற்ற இறக்கம் சான்றாக நிற்காது. அக்கால நாட்குறிப்புகளையும் தகவல் அமைச்சகத்தின் மக்கள் மனநிலை அறிக்கைகளையும் படித்தேன். அவை மனநிலையைச் சொல்கின்றனவே தவிர, எந்தச் சொல்லமைப்பு அதை உண்டாக்கியது என்று காட்டுவதில்லை.

அவையில் நேரில் கேட்டவர்கள், வானொலியில் வேறொருவர் குரலில் கேட்டவர்கள் ஆகிய இரு சாராரிடமும் இந்த அடுக்கு ஏற்படுத்திய விளைவைத் தனித்தனியே நிறுவ எந்த ஆய்வுமுறையைக் கையாளலாம்?