புதுப்பிப்பு: தூண்டில் ராட் (மீன்பிடிக் கம்பு) வைக்கும் பையின் உள்பக்கம் பிசுபிசுத்துப் போன விஷயம்

போன மாதம் கேட்டிருந்தேன்: பத்து வருடப் பழைய தூண்டில் ராட் பை, உள்பூச்சு உரிந்து கருப்புத் துகளாக ராட் முழுக்க ஒட்டுகிறது, என்ன செய்யலாம் என்று. பவுடர் போடச் சொன்னீர்கள். போட்டேன். இரண்டு நாள் தாங்கியது, அப்புறம் அதே பிசுபிசுப்பு, ஏனென்றால் அது பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக் பூச்சு. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலியையே உடைத்துவிடுகிறது, கெட்டதை மீட்க வழியில்லை. சென்னைக் கடற்காற்றில் ஈர ராடை அப்படியே பைக்குள் வைத்தது என் தப்பு.

சரி, கடைசியில் தையலைப் பிரித்து உள்துணியை மொத்தமாக வெட்டி எடுத்தேன். அடியில் இருந்த நுரைப்பஞ்சு விரல் பட்டதுமே பொடியாக உதிர்ந்தது, அதுவும் குப்பைக்கு. தெருமுனைத் தையல்கார அண்ணன் பருத்தித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார், ஜிப் பக்கம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பரவாயில்லை.

ராடில் ஒட்டியதுதான் பயமாக இருந்தது. ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, முதலில் அடிப்பக்கம் சின்ன இடத்தில் சோதித்துவிட்டு, மெதுவாகத் துடைத்தேன், போய்விட்டது. அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், தூண்டில் நரம்பு போகும் வளையங்களை ராடில் கட்டிய நூல் மேலுள்ள எபாக்ஸி என்ற பிசின் பூச்சைக் கெடுத்துவிடும். கார்க் பிடியில் ஏறிய கறைக்கு மெல்லிய உப்புத்தாள் தேவைப்பட்டது.

இப்போதெல்லாம் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஓர் இரவு காயவைத்த பிறகுதான் ராட் பைக்குள் போகிறது.