முட்டி, முறுக்கு, மலைப்பாதை

குழு: பிள்ளையார் கோயில் தெரு வீடு

அக்டோபர் 12, ஞாயிறு

பெரியப்பா: காலை வணக்கம். இன்று உலக மூட்டுவாத தினம். (பலமுறை பகிரப்பட்டது) மூன்றே நாளில் முட்டி வலி பறந்து போகும்! பூண்டு, எருக்கு இலை, விளக்கெண்ணெய். பத்து பேருக்கு அனுப்புங்கள்.

செந்தில்: பெரியப்பா, இதே பூண்டு போன மாசம் சர்க்கரையை விரட்டுச்சு.

பெரியப்பா: வந்ததை அனுப்பினேன். ஆராய்ச்சி பண்றது உங்க வேலை.

அம்மா: (குரல் செய்தி, 1:52)

செந்தில்: அம்மா, முதல் பத்து செகண்டுதான் நீ பேசறது கேக்குது. மீதி முழுக்க குக்கர் விசில்.

அம்மா: அதான் சொன்னேனே. மாடி ஏற முடியல. கோலம் போட உக்காந்தா எழுந்திருக்க முடியல. சாயங்கால நடையையும் நிறுத்திட்டேன். எலும்பு டாக்டர் தேய்மானம்னு சொல்லிட்டார். மிச்சம் இருக்கறதாவது தேயாம இருக்கட்டும்.

ரேவதி: தேய்மானம்ங்கற வார்த்தையை வெச்ச ஆளைத்தான் நான் தேடிட்டு இருக்கேன். என்கிட்ட உடற்பயிற்சிக்கு வர்ற பத்து பேஷண்டுல எட்டு பேரு இதையே சொல்றாங்க. முட்டி என்ன செருப்பா, நடந்தா தேயறதுக்கு?

அம்மா: பின்ன என்னவாம்?

ரேவதி: மூட்டுக்குள்ள இருக்கற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது மா. காலை ஊன்றும்போது அமுங்கி, தூக்கும்போது விரிஞ்சு, சுத்தி இருக்கற நீர்லேருந்துதான் அது சாப்பிடுது. ஸ்பாஞ்சு மாதிரி. நீ நடக்காம உக்காந்தா அது பட்டினி. தொடைச் சதையும் இளைச்சுடும், அப்புறம் உடம்பு பாரம் மொத்தமும் முட்டி மேலதான்.

அம்மா: நடந்தா வலிக்குதேடி.

ரேவதி: வலிக்கும். மறுநாள் காலையில எப்படி இருக்குன்னு பாரு. முந்தின நாள் மாதிரியே இருந்தா நடந்தது சரியான அளவு. அதிகமா இருந்தா பாதியா குறைச்சுக்கோ. நிறுத்திடாத.

பெரியப்பா: எக்ஸ்ரேயில் நிறைய தேய்ந்து போச்சுன்னு உங்கம்மா கமலாவே காட்டினாளே?

ரேவதி: எக்ஸ்ரேயும் வலியும் எப்பவும் ஒத்துப் போகாது பெரியப்பா. படத்துல ரொம்ப மோசமா இருக்கறவங்க ஜம்முனு நடந்து வருவாங்க. படம் சுமாரா இருக்கறவங்க அழுவாங்க.

செந்தில்: அம்மா, வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடற?

அம்மா: மெடிக்கல்ல குடுக்கறதுதான். மஞ்சள் கலர். காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு.

ரேவதி: எத்தனை நாளா?

அம்மா: ஆடி மாசத்துலேருந்து.

ரேவதி: அம்மா!!

ரேவதி: அட்டையைப் போட்டோ எடுத்துப் போடு.

அம்மா: (படம்)

ரேவதி: டைக்ளோஃபெனாக். நீ பிரஷர் மாத்திரை சாப்பிடறவ. இதை மாசக்கணக்கா முழுங்கினா பிரஷர் ஏறும், வயித்துல புண்ணு வரும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்ல. நாளைக்கே உன் டாக்டர்கிட்ட இதைக் காட்டு. முட்டிக்கு இதே மருந்து களிம்பா இருக்கு, தடவிக்கலாம். உள்ளுக்குப் போறது ரொம்பக் கம்மி.

பெரியப்பா: இந்தப் பேரை நான் படிச்சிருக்கேன். பாறு கழுகு செத்த கதை! மாட்டுக்கு வலிக்குப் போட்ட ஊசி இது. அந்த மாடு செத்ததும் அதைத் தின்ன கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. 2006ல மாட்டு வைத்தியத்துக்குத் தடை போட்டாங்க. முதுமலைப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

செந்தில்: அம்மா கழுகு இல்ல பெரியப்பா.

பெரியப்பா: பொது அறிவுக்குச் சொன்னேன். முப்பது வருஷம் அறிவியல் வாத்தியார்.

அம்மா: இனிமே தொட மாட்டேன். கழுகைச் சொன்னதும் வயித்தைக் கலக்குது.

வசந்தா சித்தி: இப்பதான் பாத்தேன். இன்னைக்கு ஞாயிறு, என் மாத்திரை நாள், கொஞ்சம் அசதி. அக்கா, அந்த மருந்துப் பொடி எதுவும் வாங்கிடாத. யாராவது "நாட்டு மருந்து, ஒரே வாரம்"னு நீட்டுவாங்க.

அம்மா: உனக்குக் கொடுத்தாங்களே, அது மாதிரியா?

வசந்தா சித்தி: அதேதான். பேரில்லாத பொட்டலம். ரெண்டே நாள்ல வலி போச்சு, நான் ஊருக்கே சிபாரிசு பண்ணினேன். மூணு மாசத்துல முகம் பூரி மாதிரி உப்பி, சர்க்கரை ஏறிடுச்சு. உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு ஜிப்மர் டாக்டர் சொன்னார். அதைத் திடீர்னும் நிறுத்த முடியல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைச்சாங்க.

காயத்ரி: சித்தி, உங்களுக்கும் அத்தைக்கும் ஒரே நோய்தானே?

வசந்தா சித்தி: இல்லடா கண்ணு. அக்காவோடது வயசானா வர்ற முட்டித் தேய்மானம். எனக்கு முடக்குவாதம். உடம்போட காவல் படையே வழி மாறி மூட்டைத் தாக்கும். எனக்கு விரல்ல ஆரம்பிச்சுது, ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி. ரெண்டுக்கும் மூட்டுவலின்னு ஒரே பேரை வெச்சுட்டாங்க, அதான் குழப்பம்.

காயத்ரி: ம்ம்

காயத்ரி: சித்தி ஒண்ணு கேக்கவா? காலைல எழுந்தா எனக்குக் கை மூட முடியல. ரெண்டு மாசமா. கம்ப்யூட்டர் வேலைதானேன்னு விட்டுட்டேன்.

செந்தில்: என்கிட்ட சொல்லவே இல்லையே!

காயத்ரி: சொன்னேன். மவுஸ் மாத்தலாம்னு சொன்னீங்க.

வசந்தா சித்தி: செந்தில், நீ கொஞ்சம் சும்மா இரு. காயத்ரி, காலைல எழுந்து எவ்வளவு நேரத்துல கை இலகுவாகுது?

காயத்ரி: ஆபீஸ் போய் முதல் மீட்டிங் முடியற வரைக்கும் இருக்கும். பத்து பத்தரை.

வசந்தா சித்தி: மோதிரம் கழலுதா?

காயத்ரி: போன வாரம் சோப்பு போட்டுத்தான் கழட்டினேன். ரெண்டு கையிலயும் விரல் அடிக்கணு வீங்கி இருக்கு.

ரேவதி: காயத்ரி, அம்மாவுக்கும் காலைல பிடிச்சுக்கும், ஆனா அரை மணிக்குள்ள விட்டுடும். உனக்கு மணிக்கணக்குல இருக்கு, ரெண்டு கையும் வீங்கி இருக்கு. என் உடற்பயிற்சி இதுக்கு முதல் மருந்து இல்ல. எலும்பு டாக்டரும் இல்ல. ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டுவாத டாக்டரைப் பாரு.

வசந்தா சித்தி: இந்த வாரமே. தீபாவளி முடியட்டும்னு தள்ளாத. நான் ஒன்றரை வருஷம் எண்ணெய் தடவியே ஓட்டினேன். இன்னைக்கு என் வலது கை விரல் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கறதைப் பாத்திருக்கல்ல? போன மூட்டு போனதுதான். ஆரம்பத்துலயே மருந்து தொட்டவங்க கையைப் பாத்தா நோய் இருக்குன்னே தெரியாது.

செந்தில்: சென்னையில எங்க போறது சித்தி?

வசந்தா சித்தி: பெரிய ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இந்தப் பிரிவு இருக்கும். சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலயும் இருக்கு. காலைலயே போயிடுங்க.

வசந்தா சித்தி: காயத்ரி, இன்னொண்ணு கேக்கணும், இங்க வேணாம், தனியா அனுப்பறேன்.

காயத்ரி: குழந்தை பத்தியா? பரவால்ல சித்தி, எல்லாரும் தினமும் கேக்கறதுதானே.

வசந்தா சித்தி: ஹாஹா. நான் கேக்கற காரணம் வேற. நான் சாப்பிடற மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்துல கூடவே கூடாது. அந்த யோசனை இருந்தா முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லிடு, வேற மருந்து இருக்கு.

காயத்ரி: இப்போதைக்கு இல்ல. ஆனா சொல்லிடறேன்.

அம்மா: முதல்ல கையைப் பாரும்மா. மத்தது அப்புறம்.

அக்டோபர் 17, வெள்ளி

காயத்ரி: ரத்தம் எடுத்தாச்சு. உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் அதிகம். முடக்குவாதத்துக்குப் பாக்கற ஆன்டி சிசிபின்னு ஒண்ணு பாசிட்டிவ். முடக்குவாதம்தான்னு சொல்லிட்டாங்க.

பெரியப்பா: தைரியமாக இரு அம்மா.

காயத்ரி: ரிப்போர்ட்டைப் பாத்துட்டு பாத்ரூம்ல கொஞ்ச நேரம் அழுதேன் மாமா. இப்ப சரி. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், வேற நாள்ல ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின். அந்த மாத்திரைக்காகக் கண் டாக்டரை ஒரு தடவை பாத்துட்டு வரச் சொன்னாங்க. மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகுமாம்.

வசந்தா சித்தி: வாரம் ஒரு நாள்ங்கறதை கதவுல எழுதி ஒட்டு. மறந்து தினமும் சாப்பிட்டு ஐசியூவுக்குப் போனவங்க உண்டு. நான் ஞாயிறுன்னு வெச்சிருக்கேன், குக்கர்ல கறி வெந்தா மாத்திரை ஞாபகம் வரும். ரத்தப் பரிசோதனை தேதியைத் தவற விடாத.

அம்மா: முடக்கத்தான் கீரை அனுப்பட்டுமா? வேலியில நிறைய ஓடியிருக்கு.

வசந்தா சித்தி: அனுப்பு அக்கா, தோசைக்கு அதை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. மாத்திரைக்குப் பதிலா மட்டும் வேண்டாம்.

செந்தில்: இனிமே நான் துணி பிழியறேன், தேங்காய் துருவறேன்.

வசந்தா சித்தி: துணி பிழியறதுதான் கைக்கு எமன். ஆள் இல்லாதப்ப குழாய்ல துண்டை மாட்டி ரெண்டு முனையையும் சேத்து முறுக்கு, விரலுக்கு வேலையே இல்ல. காய்கறிப் பையை விரல்ல தொங்கவிடாம முழங்கையில மாட்டு. கத்திப் பிடியில பழைய துணியைச் சுத்திக்கோ, தடிமனா இருந்தா இறுக்கிப் பிடிக்க வேணாம். மாவுக் குண்டான் ஒண்ணை ரெண்டா பிரிச்சு ஃபிரிட்ஜ்ல வை. கையை அசைக்காம வெக்கவும் கூடாது, காலைல வெந்நீர்ல முக்கி விரலை மடக்கி நீட்டு.

ரேவதி: சூடு இறுக்கத்துக்கு. கணு சிவந்து கொதிச்சா வெந்நீர் வேணாம் காயத்ரி, ஐஸைத் துணியில சுத்தி ஒத்தடம்.

அக்டோபர் 19, ஞாயிறு

அம்மா: நாளைக்கு தீபாவளி. இந்த வருஷம் முறுக்கு யாரு பிழியறது? எனக்கு நிக்க முடியாது, வசந்தாவுக்குக் கையால முடியாது, காயத்ரிக்கும் கூடாது.

பெரியப்பா: நான் பிழிகிறேன்.

செந்தில்: வரலாறு.

அம்மா: மாமா பிழிஞ்ச முறுக்கு (படம்)

ரேவதி: இது முறுக்கா, ஆப்பிரிக்கா வரைபடமா?

பெரியப்பா: சுவையைப் பாருங்கள், வடிவத்தை அல்ல. முறுக்குக் குழலை அழுத்தி எனக்கே தோள் வலி. இத்தனை வருஷம் இவங்க எப்படிப் பிழிந்தார்களோ.

நவம்பர் 9, ஞாயிறு

ரேவதி: அம்மா, கணக்கு சொல்லு.

அம்மா: மொட்டை மாடியில நடை 6 நிமிஷத்துல ஆரம்பிச்சு இப்ப 14. நாற்காலியில கையை ஊன்றாம எழுந்து உக்கார்றது 8 தடவை. முதல்ல தலையணை போட்டு உசரமாக்கித்தான் வந்துச்சு, இப்ப தலையணை இல்ல. உக்காந்து காலை நீட்டி 5 எண்றது சீரியல்ல விளம்பரம் வரும்போது. விளம்பரம் ரொம்ப அதிகமா போடறான்.

ரேவதி: மாடிப்படி?

அம்மா: ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது வலிக்கற கால். நீ சொன்னதுதான். கைத்தடி மட்டும் தப்பு பண்ணிட்டேன், வலிக்கற பக்கமே பிடிச்சேன்.

ரேவதி: எதிர்ப்பக்கம் பிடிக்கணும் மா. வலது முட்டின்னா இடது கை.

அம்மா: எதிர்வீட்டுக்காரி பாத்துட்டுக் கிழவியாயிட்டியான்னு கேட்டா. 64 வயசுல வேற என்னவாம்னு சொல்லிட்டேன்.

செந்தில்: எடை?

அம்மா: அதைக் கேக்காத.

ரேவதி: ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும் மா. ஒரு கிலோ போதும், ஆரம்பிக்க.

அம்மா: ரெண்டு குறைஞ்சிருக்கு. அதான் சொல்லல, கண்ணு படும்.

டிசம்பர் 16, செவ்வாய்

அம்மா: மார்கழி பிறந்தாச்சு. (படம்)

காயத்ரி: அத்தை, 21 புள்ளியா! கீழ உக்காந்தா போட்டீங்க?

அம்மா: இல்ல. குட்டை முக்காலி. அதைத் தள்ளித் தள்ளி உக்காந்துகிட்டே போட்டேன். ஒரு மூலை கோணல், நீ கவனிக்கல.

காயத்ரி: எனக்கும் ஒரு செய்தி. இன்னைக்குக் காலை ஏழரைக்கே கை மூடிடுச்சு. மோதிரம் போட்டுட்டேன்.

வசந்தா சித்தி: சாமி!

செந்தில்: நிச்சயதார்த்தத்துல கூட இவ்வளவு சந்தோஷமா மோதிரம் போடல இவ.

வசந்தா சித்தி: நல்லா இருக்குன்னு மாத்திரையை நீயா குறைச்சுடாத. நான் பண்ணின ரெண்டாவது முட்டாள்தனம் அது.

ஜனவரி 4, ஞாயிறு

அம்மா: ஒரு ஆசை. திருவண்ணாமலை சுத்தணும்.

ரேவதி: அம்மா, 14 கிலோமீட்டர்!

அம்மா: தெரியும். இப்ப ஒரே மூச்சுல எனக்கு 35 நிமிஷம் வருது.

ரேவதி: அப்ப ரமணாசிரமம் வரைக்கும் நட, சுமார் 2 கிலோமீட்டர். மீதிக்கு ஆட்டோ. அடுத்த தடவை இன்னொரு லிங்கம் வரைக்கும். பௌர்ணமி மட்டும் வேணாம், கூட்டத்துல நின்னு நின்னே முட்டி போயிடும். நடக்கறதை விட நிக்கறதுதான் உனக்கு ஆகாது.

பெரியப்பா: ஆட்டோவில் கிரிவலம் சென்றால் புண்ணியம் பாதிதான் என்பார்கள்.

வசந்தா சித்தி: மாமா, நீங்க முழுசா நடந்து அந்தப் பாதியை அக்கா கணக்குல போடுங்க.

அம்மா: செருப்பு போட மாட்டேன்.

ரேவதி: சரி, ஆனா தார் சூடாகறதுக்கு முன்னாடி. நாலரைக்கு ஆரம்பிச்சுடு.

ஜனவரி 25, ஞாயிறு

செந்தில்: காலை 4:40. கிளம்பியாச்சு. இந்திர லிங்கம் முடிஞ்சுது. பெரியப்பா இப்பவே காபி கேக்கறார்.

காயத்ரி: நானும் கூடத்தான். என் காலுக்கு ஒண்ணும் இல்ல, தண்ணி பாட்டில் மூடியை மட்டும் இவர் திறக்கணும்.

ரேவதி: அம்மா எப்படி?

செந்தில்: எங்களுக்கு முன்னாடி போறா.

அம்மா: (குரல் செய்தி, 0:38)

ரேவதி: இதுல முழுக்க நாய் குரைக்குது மா.

அம்மா: அக்னி லிங்கம் தாண்டிட்டோம். ஆசிரமம் பக்கத்துல வந்தாச்சு. வலி இருக்கு, தாங்கற அளவுதான், நாளைக்குக் காலைல கணக்கு சொல்றேன். இந்த டீக்கடையில எல்லாரையும் தரையில உக்காரச் சொல்றான். நாற்காலி இருக்கற கடை எங்கன்னு மாமா தேடிப் போயிருக்கார்.