இரண்டு கணினி கிளஸ்டரில் ஒன்றை நிறுத்தினால் எல்லாம் முடங்குவது ஏன்?

கேள்வி

வணக்கம். கிளவுட் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். பல கணினிகளை ஒரே கிளஸ்டராக இணைத்துச் செயலிகளை இயக்கும் குபர்நெட்டிஸில் செயலிகளை நிறுவுவதும் அவற்றின் கோளாறுகளைத் தேடிப் பிடிப்பதும்தான் என் அன்றாட வேலை. ஆனால் கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதியான கன்ட்ரோல் பிளேனைச் சேவை வழங்கும் நிறுவனமே பார்த்துக்கொள்வதால், அதனுள் நடப்பதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அதைக் கற்றுக்கொள்ளும் ஆசையில் வீட்டில் இரண்டு மினி கணினிகளில் குபர்நெட்டிஸின் எளிய வடிவமான கே3எஸ் நிறுவி, இரண்டையும் எட்சிடியுடன் (கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் தரவுத்தளம்) கூடிய சர்வர்களாக, அதாவது கன்ட்ரோல் பிளேன் ஓடும் கணினிகளாக இணைத்தேன். ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும் என்பது என் கணக்கு.

நேற்று ரேம் மாற்றுவதற்காக ஒன்றை நிறுத்தினேன். மற்றதில் ஓடிக்கொண்டிருந்த புகைப்படச் செயலி தடையின்றி இயங்கியது. ஆனால் கிளஸ்டருக்கு ஆணையிடும் கியூப்சிடிஎல் கட்டளை எதற்கும் பதில் வரவில்லை. நிறுத்திய கணினியில் இருந்த குறிப்பேட்டுச் செயலி, பத்து நிமிடம் காத்திருந்தும் இடம் மாறவில்லை. கணினியை மீண்டும் இயக்கியதும் எல்லாம் தானாகச் சரியாயின. மூன்றாவது கணினி வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1

நண்பரே, நீங்கள் கண்டது பழுது அல்ல. எட்சிடி தன் கடமையைச் செய்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஓங்காரோவும் அவுஸ்டர்ஹவுட்டும் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் முறையில்தான், அதாவது பல கணினிகள் ஒரே முடிவுக்கு வரும் முறையில்தான், அது இயங்குகிறது. உறுப்பினர்களில், அதாவது எட்சிடி ஓடும் கணினிகளில், பாதிக்கு மேற்பட்டோர் தம் வட்டில் எழுதிய பிறகே ஒரு மாற்றம் ஏற்கப்படும். இரண்டில் பாதிக்கு மேல் என்றால் இரண்டும்தான். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், இரு கணினிகளுக்கும் இடையிலான கேபிள் மட்டும் கழன்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்: எதிரில் இருப்பது நின்றுவிட்டதா, தொடர்பு மட்டும் அறுந்ததா என்று இரண்டுக்குமே தெரியாது, இரண்டும் தனித்தனியே எழுதத் தொடங்கினால் பிறகு எது உண்மை என்று யாராலும் தீர்க்க முடியாது.

ஆகவே இரண்டு உறுப்பினர்கள் ஒன்றைவிடப் பாதுகாப்பு என்பது சரியல்ல. எது நின்றாலும் முடக்கம் என்பதால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மூன்று இருந்தால் ஒன்றை இழக்கலாம், நான்கு இருந்தாலும் ஒன்றைத்தான், ஐந்து இருந்தால் இரண்டை. அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையான இகேஎஸ்ஸிலும் மூன்று எட்சிடிகள் மூன்று வெவ்வேறு மண்டலங்களில் (தனித்தனித் தரவு மையங்களில்) வைக்கப்படுகின்றன. நீங்கள் பார்க்காத பக்கம் அதுதான். புகைப்படச் செயலி ஓடிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், ஏற்கெனவே தொடங்கிய கன்டெய்னர்களை (செயலிகள் ஓடும் பொதிகளை) கவனிப்பது அந்தந்தக் கணினியில் உள்ள கியூப்லெட் என்ற நிரல் என்பதே.

பதில் 2

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் உடனே மூன்றாவதை வாங்கச் சொல்ல மாட்டேன். எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் உறுதியாக எழுதி முடித்த பின்பே அடுத்த அடி எடுத்து வைக்கும். அந்த எழுத்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறையாவது 10 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கைக்குக் கிடைத்த பழைய ராஸ்பெர்ரி பையை எஸ்டி கார்டுடன் மூன்றாவது உறுப்பினராகச் சேர்த்துப் பார்த்தேன். மாற்றங்களை வழிநடத்தும் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் தேர்தல் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. சில மாதங்களில் கார்டே செத்துவிட்டது. வாக்களிக்க மட்டும்தானே என்று எளிய கணினியைச் சேர்ப்பவர்கள், குறைந்தது நல்ல எஸ்எஸ்டியாவது போட வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டுச் செயலியின் தரவு எங்கே இருக்கிறது? கே3எஸ் இயல்பாகத் தருவது அந்தந்தக் கணினியின் சொந்த வட்டைத்தான். அப்படியானால் மூன்றல்ல, முப்பது கணினிகள் இருந்தாலும் அந்தச் செயலி இடம் மாறாது, ஏனென்றால் அதன் தரவு நின்றுபோன கணினிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கன்ட்ரோல் பிளேனைப் பற்றிக் கவலைப்படும் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வீட்டுக்கு ஒரே சர்வர், மற்றது ஏஜென்ட் (செயலிகளை மட்டும் ஓட்டும் கணினி), தரவு தனியே ஒரு என்எஃப்எஸ் பகிர்வில் (வலையமைப்பு வழியே எல்லாக் கணினிகளும் அணுகும் வட்டில்) என்ற அமைப்பே போதும் என்பது என் உறுதியான கருத்து. சர்வரின் தரவுத்தளத்துடன் அதன் டோக்கனையும் (கிளஸ்டரின் ரகசியச் சாவி) சேர்த்து வேறிடத்தில் காப்பு நகல் எடுத்து வையுங்கள். டோக்கன் இல்லாமல் நகலை மீட்க முடியாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னது போலவே தரவு உள்வட்டில்தான் இருந்தது. இரண்டாவது கணினியை ஏஜென்டாக மாற்ற விரும்புகிறேன். அதை நிறுத்திவிட்டு மாற்றலாமா?

பதில் 1

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு உறுப்பினரை நீக்குவதும் ஒரு மாற்றமே. அதற்கும் பெரும்பான்மை வேண்டும். இரண்டும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த நோடை (கணினியை) கிளஸ்டரிலிருந்து நீக்குங்கள். உறுப்பினர் பட்டியலில் ஒன்று மட்டும் இருப்பதைப் பார்த்த பிறகு அந்தக் கணினியில் கே3எஸ்ஸை அகற்றி, ஏஜென்டாகச் சேருங்கள். முதலிலேயே நிறுத்தி கே3எஸ்ஸை அகற்றிவிட்டால், கிளஸ்டர் ரீசெட் (உறுப்பினர் பட்டியலை ஒன்றாகக் குறைப்பது) செய்வது ஒன்றுதான் வழி.

கேட்டவர்

அந்த வரிசையிலேயே செய்து முடித்தேன். குறிப்பேட்டின் தரவை என்எஃப்எஸ்ஸுக்கு மாற்றிவிட்டு, ஏஜென்ட் கணினியின் மின்கம்பியை வேண்டுமென்றே பிடுங்கினேன். ஒரு நிமிடத்துக்குள் அந்த நோடு தயாராக இல்லை என்று காட்டியது. ஆனால் செயலி அசையவில்லை. மறுபடியும் தவறு செய்துவிட்டேனோ என்று பதறி ஆவணத்தைப் படித்தபோதுதான், குபர்நெட்டிஸ் இயல்பாக 300 நொடி பொறுத்திருந்தே இடம் மாற்றும் என்பது தெரிந்தது. ஆறாவது நிமிடத்தில் குறிப்பேடு சர்வரில் எழுந்தது, முந்தைய இரவு எழுதிய வரி உட்பட எல்லாம் அப்படியே இருந்தன.