ஜாக்ஸ் என்று ஒரு சொல்லே கிடையாது என்றேன்

ரோம்ஃபோர்டு ராதா
எசெக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. செவ்வாய் மதியம் ஸ்கிராபிள் உண்டு, எழுத்துக் காய்களைப் பலகையில் வைத்துச் சொல் கட்டுகிற ஆட்டம். என்னோடு ஆடும் பெரியவர் கார்ன்வால்காரர், கூரை வேய்ந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் இசட், ஏ, எக்ஸ் மூன்றையும் டபுள் வேர்டில், அதாவது சொல்லின் புள்ளி இரட்டிப்பாகிற கட்டத்தில், வைத்தார். 38 என்று எழுதப் போன கையை நிறுத்திவிட்டு, "டாக்ஸ் தெரியும், வாக்ஸ் தெரியும். ஜாக்ஸ் என்று ஒரு சொல்லே கிடையாது" என்றேன். அகராதி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவரும் வாதாடவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் காய்களை அடுக்கும் ரேக்குக்குத் தள்ளினார். எக்ஸை மட்டும் கொஞ்ச நேரம் விரலடியிலேயே வைத்திருந்தார்.

பஸ்ஸில் வரும்போது போனில் தேடினேன். இருக்கிறது. சிலேட்டுக் கல்லை வெட்டுகிற கூரைக்காரர் கருவி. அந்த மனிதர் காலமெல்லாம் கையில் பிடித்த சாமானை இல்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். நான்கு நாளாக இதே நினைப்பு. இந்தச் சொல்லிடம் வேறு யாராவது மாட்டியிருக்கிறீர்களா?

பிங்கோ பாலு
மாட்டாமல் என்ன. ஒரு போட்டி, கடைசி ஆட்டம், எதிரே பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன். ஜாக்ஸ் வைத்தான், சேலஞ்ச் என்றேன். இருவரும் எழுந்து லேப்டாப்புக்குப் போய்த் தட்டினோம். திரை முழுக்கப் பச்சை, சொல் செல்லும். பையன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தான், அதுதான் இன்னும் வலிக்கிறது. அபராதம் 5, தோற்றது 3 புள்ளியில்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இசட் 10, எக்ஸ் 8. 100 காய்களில் இரண்டும் ஒவ்வொன்றுதான். அவற்றை ஒரே சொல்லில் செலவழித்து 19 வாங்குவது ஊதாரித்தனம். எக்ஸ் ஐந்து உயிரெழுத்தோடும் இரண்டெழுத்துச் சொல்லாகும்: ஏஎக்ஸ், ஈஎக்ஸ், எக்ஸ்ஐ, ஓஎக்ஸ், எக்ஸ்யூ. எழுத்தின் புள்ளி மும்மடங்காகும் டிரிபிள் லெட்டர் கட்டத்தில் எக்ஸை வைத்து, நெடுக்கே ஒரு ஏஎக்ஸ், குறுக்கே ஒரு ஈஎக்ஸ் வருகிற மாதிரி போட்டால் 25ம் 25ம் 50. இசட்டைத் தனியாக ஏ பக்கத்தில் ஒட்டுங்கள், அதுவும் செல்லும். டிரிபிள் வேர்டில் 57 கிடைத்தால் மட்டும் ஜாக்ஸ் வைக்கலாம். வைத்தபின் எதிராளி ஈஎஸ் சேர்த்து ஜாக்ஸஸ் ஆக்கி 21 எடுப்பான், அந்தப் பக்கத்தை அடைக்க வழி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏ இல்லாமல் ஈ இருந்தாலும் போட்டிகளுக்கான காலின்ஸ் சொற்பட்டியலில் சொல் உண்டு, அதே கருவிதான். பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொடுங்கள்.

நாதஸ்வரம்77
எஸ்ஸில் தொடங்கும் ஸாக்ஸும் செல்லும், ஆனால் அது சாக்ஸபோனின் சுருக்கம். ஜாக்ஸும் அதன் கொச்சையாக இருக்கும். நான் ஒருமுறை வைத்தபோது என் தங்கை "காலில் போடுகிறதா?" என்று கேட்டுச் சிரித்ததுதான் என் அனுபவம்.

பருத்தித்துறை அண்ணை
தம்பி நாதஸ்வரம், சாக்ஸபோன் அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரரின் பெயரில் வந்தது. காப்புரிமை 1846இல். கூரைக்காரரின் கருவிக்கும் ஸாக்ஸ் என்று பெயர் உண்டு, அந்தச் சொல் அதற்கு ஆயிரம் வருஷம் மூத்தது. பழைய ஆங்கிலத்தில் ஸியாக்ஸ் என்றால் கத்தி. சாக்சன் என்ற இனப்பெயரே அதிலிருந்து வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்லுவினம். எசெக்ஸ் என்றால் கிழக்குச் சாக்சன்கள், சசெக்ஸ் தெற்கு, மிடில்செக்ஸ் நடு.

இதெல்லாம் மகளோடு பிரிட்டிஷ் மியூசியம் போன அன்றுதான் எனக்குத் தெரியும். அவளுக்கு மம்மி பார்க்க வேணும், வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறக்குறைய 72 சென்டிமீட்டரில் ஒரு ஸியாக்ஸ். 1857இல் பேட்டர்ஸீ பக்கம் தேம்ஸ் ஆற்றில் கண்டெடுத்தது, 10ஆம் நூற்றாண்டு. அலகில் பித்தளை, செம்பு, வெள்ளிக் கம்பி பதித்து ரூன் என்கிற பழைய ஆங்கில எழுத்துகள் 28ம் வரிசையாக, அரிச்சுவடி மாதிரி. பக்கத்தில் பேக்நோத் என்று ஒரு பெயர். மகள், "அப்பா, இவர் கத்தியில ஏபிசிடி எழுதி வச்சிருக்கார்" என்றாள். அரை மணித்தியாலம் நின்றோம், மம்மியை மறந்துவிட்டாள்.

பாலு தம்பிக்கு ஒன்று. அந்தப் பிள்ளை சொல்லத் தவித்துக்கொண்டு வந்திருக்கு, நீர் 50 புள்ளிக் கணக்குச் சொல்லுறீர்.

பிங்கோ பாலு
அனுபவம் கேட்டார், சொன்னேன். கணக்கு போனஸ்.

ஓவல் ஓரம்
மிடில்செக்ஸ் கிரிக்கெட் சட்டையில் மூன்று வளைந்த கத்தி இருக்குமே, அதுவும் ஸியாக்ஸ்தான். எசெக்ஸ் சின்னத்திலும் அதே மூன்று. சின்னம் வரைந்தவர்கள் பாலைவனப் படத்தில் வருகிற வாள் மாதிரி வளைத்துவிட்டார்கள். அண்ணை பார்த்தது நேர் அலகுதானே? பக்கத்து இருக்கைக்காரரிடம் "இது துருக்கிச் சின்னமா?" என்று கேட்டு லார்ட்ஸில் ஒரு முழு வரிசையையே திரும்பிப் பார்க்க வைத்தவன் நான்.

வேர்ச்சொல் வெறியன்
எஸ் எப்படி இசட் ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தென்மேற்கு இங்கிலாந்தில் சொல்லின் முதலில் வரும் எஸ்ஸை இசட்டாகவும், எஃப்பை வி ஆகவும் இழுப்பார்கள். சாமர்செட் அங்கே ஜம்மர்ஜெட். பெண் நரிக்கு விக்ஸன் என்று பொது ஆங்கிலத்தில் வழங்குவதும் அந்த வட்டார ஒலிதான், ஃபாக்ஸில் எஃப் இருக்க அதில் வி வந்தது இப்படி. ஜாக்ஸும் அதே வழி என்பது என் கட்சி. ராதாவின் பெரியவர் கார்ன்வால் என்பதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எஸ்ஸில் தொடங்கியிருந்தால் அவருக்கு அதே இடத்தில் 20 புள்ளிதான்.

என் அனுபவமா? பரீட்சைத் தாளில் "சா என்றால் ரம்பம், ஸியாக்ஸுக்கு உறவு" என்று எழுதினேன். பேராசிரியர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். உறவுதான்.

ரோம்ஃபோர்டு ராதா
இன்று செவ்வாய். போனதும், "நீங்கள் வைத்தது சரி, எனக்குத்தான் தெரியவில்லை" என்றேன். "டெலபோல் குவாரிக் கல்லில் வேலை பார்த்தவனுக்குப் புத்தகம் சொல்லியா தெரிய வேண்டும்?" என்று ஒரு சிரிப்பு. டீ வந்தது. தட்டிலிருந்து ஒரு சதுர பிஸ்கட்டை எடுத்தார், இதுதான் சிலேட்டு. தேக்கரண்டியின் காம்பு, இதுதான் ஜாக்ஸின் முதுகில் இருக்கிற முள். பிஸ்கட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து ஒரே குத்து. திருப்பிக் காட்டினார். முன்பக்கம் ஓட்டையைச் சுற்றிச் சில்லு பெயர்ந்து சின்னக் குழி. ஆணியின் தலை அதில் உட்கார்ந்துகொள்ளும், மேலே வருகிற கல் அதில் இடிக்காது. முன்பக்கமாகக் குத்துகிற பையனுக்கு அந்தக் காலத்தில் அடி விழுமாம்.

அப்புறம் கல்லின் அளவுகளைச் சொன்னார். 24க்கு 12 அங்குலம் என்றால் டச்சஸ், 20க்கு 10 கவுண்டஸ், 16க்கு 8 லேடி. "பெரிய இடத்துப் பெண்களையெல்லாம் ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன்." பக்கத்து மேசைப் பாட்டி முறைத்தார்.

பாலு அண்ணாவின் கணக்கையும் எடுத்துவிட்டேன். கேட்டுவிட்டு, "அவர் கூரை வேய்ந்ததில்லை போல" என்றார். போன வாரத் தாளை எடுத்து அவர் பெயருக்கு நேரே 38 எழுதினேன். கூட்டிப் பார்த்தார். 11 புள்ளியில் நான் தோற்றிருக்கிறேன்.