கோடை விடுமுறை வருகிறது, கையில் காசு இல்லை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கீச்சாங்குப்பம் பெண்

இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி. 28-ஆம் தேதி மதியத்துக்குள் விடுதி அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து அறைகளில் எல்லாம் ஒரே கும்மாளம். எனக்குப் பெட்டியைத் திறந்து வைத்தும் துணியை எடுத்து அடுக்கக் கை வரவில்லை. ஊருக்குப் போக ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. கூடப் படிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாகப்பட்டினம், கீச்சாங்குப்பம். திருச்சியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடிக்கிறேன். அப்பா விசைப்படகில் ஆளாகப் போகிறவர், படகு சொந்தமில்லை. ஒரு தடவை போனால் ஐந்தாறு நாள் கழித்துத்தான் கரை. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து, படகுக்காரருக்குப் போக மிச்சத்தில் ஆட்களுக்குப் பங்கு. கடலுக்குப் போகாத நாளில் பங்கும் கிடையாது.

ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளை நிறுத்தி வைக்கிறார்கள். முன்பு 45 நாள், 2017-இல் இருந்து 61 நாள். தடை வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். மீன் இருந்தால்தானே நாங்கள் இருப்போம். ஆனால் என் விடுமுறையும் அந்த 61 நாளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன. அதுதான் என் சந்தோஷம், என் கஷ்டமும் அதுதான்.

வருஷத்தில் அப்பா தொடர்ந்து வீட்டில் இருப்பது இந்த நாட்களில் மட்டும்தான். பள்ளியில் படிக்கும்போது மற்ற பிள்ளைகள் தாத்தா ஊருக்குப் போவதற்காக லீவை எதிர்பார்ப்பார்கள், நான் அப்பாவுக்காக எதிர்பார்ப்பேன். அவர் திண்ணையில் வலையை விரித்துப் போட்டுக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருப்பார். வலை ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. ஆறு ஊசி வைத்திருப்போம். ஒன்று தீர்வதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். ஏழு வயதில் இருந்து இதைச் செய்கிறேன். அப்போதுதான் அப்பா பேசுவார். எந்த இடத்தில் எந்த மீன் படும், காற்று மாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது, 2004-இல் அலை வந்த அன்று அவர் எங்கே இருந்தார், எல்லாம் ஊசியும் நூலுமாக நான் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அந்த அலைக்கு அப்புறம் பிறந்தவள் நான். எனக்கு அந்தக் கதை அவர் குரலில்தான் தெரியும்.

அதே நாட்களில்தான் வீட்டில் காசும் இருக்காது. அரசு தருகிற நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். முன்பு 5,000 ஆக இருந்தது, கூட்டித் தந்திருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு எட்டாயிரத்தை வைத்துக்கொண்டு குழுக் கடனைக் கட்டி, அரிசி வாங்கி, தம்பிக்கு நோட்டும் வாங்க வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கும்போது அப்பா கொண்டுவருகிற குழம்பு மீனும் அப்போது வராது. அம்மா பைபர் படகுக்காரர்களிடம் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்பார். விசைப்படகு போகாததால் அந்த மீனுக்கும் ஏலத்தில் விலை ஏறிவிடும். மிச்சம் நிற்பது கொஞ்சம்தான். மீன்காரர் வீட்டில் பருப்புக் குழம்பு வைக்கிற மாதம் மே மாதம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் கடைசிக்குள் நான் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம் 16,500 ரூபாய். என் பாடம் சுயநிதிப் பிரிவு. புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற மாதம் 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் சோப்புக்கும் சரியாகப் போய்விடுகிறது.

போன வருஷம் இதே கட்டணத்துக்காக அப்பா தடைக்காலத்தில் கொச்சிக்குப் போனார். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்கும். அதுவரை அங்கே படகுகளில் ஆள் எடுப்பார்கள். நாற்பது நாள் கழித்துக் காய்ச்சலோடு திரும்பினார். பணம் கட்டிவிட்டேன். ஆனால் அந்தக் கோடை முழுக்க எங்கள் திண்ணையில் வலை விரிக்கவே இல்லை.

நேற்று அம்மா போனில், "அப்பா இந்த வருஷமும் போறேங்கிறாரு பாப்பா, நீ ஒண்ணும் கேட்டுக்காத" என்றார். நான் திருச்சியிலேயே தங்கி ஒரு ஜவுளிக்கடையில் மே மாதம் முழுக்க வேலை பார்க்கலாமா என்று விசாரித்தேன். சாப்பாடு, தங்குமிடம் போக 9,000 ரூபாய் தருவார்களாம். அப்படிச் செய்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். செய்யாவிட்டால் அப்பா இருக்க மாட்டார். எப்படிக் கணக்குப் போட்டாலும் எங்கள் இருவரில் ஒருவர் வெளியே இருந்தால்தான் கட்டணம் கட்ட முடிகிறது.

வகுப்பில் எல்லாரும் கொடைக்கானல் போகிறார்கள், தலைக்கு 3,500. வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டேன். அது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அப்பா விஷயம்தான் தூங்க விடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கோடை இருந்திருந்தால் சொல்லுங்கள்.

தேனிக்காரன்

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்ததும் என் முதல் வருஷ லீவு ஞாபகம் வந்துவிட்டது. பரீட்சை முடிந்த அன்று ராத்திரியே திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். ஊர்க்கார அண்ணன் ஒருவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்த்துவிட்டார். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே, ஒன்றரை ஷிப்ட் கணக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே துணியைத் திருப்பித் திருப்பி ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்க வேண்டும். முதல் வாரம் கண்ணை மூடினாலும் வெள்ளைத் துணிதான் தெரிந்தது. ஒரே அறையில் ஏழு பேர் படுத்தோம். சனிக்கிழமை சம்பளம் கையில் வந்ததும் நேராகப் போய் அம்மாவுக்கு அனுப்பினேன். அந்த நிமிஷம் இருந்த பெருமை எனக்கு இன்று வரை மாறவில்லை.

ஆனால் அதே வாரம்தான் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் அம்மா தீச்சட்டி எடுப்பார். பிறந்ததில் இருந்து நான் அவர் பக்கத்தில் நடக்காத வருஷம் அது ஒன்றுதான். தம்பி வீடியோ அனுப்பினான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா கூட்டத்தில் திரும்பித் திரும்பிப் பார்ப்பது அதில் தெரிந்தது. யாரைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். ஜவுளிக்கடைக்குப் போவதாக இருந்தால் மூன்று விஷயத்தை முதலிலேயே பேசிவிடு. சம்பளம் வாரத்துக்கா மாதம் முடிந்தா, பாதியில் கிளம்பினால் எவ்வளவு தருவார்கள், தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா. வேலை செய்த நாளையும் நேரத்தையும் நீயே ஒரு நோட்டில் எழுதி வை. நான் எழுதி வைக்காததால் நான்கு நாள் சம்பளம் போனது. மேஸ்திரியிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

முந்திரிக்காடு

நான் பண்ருட்டிப் பக்கம். லீவு என்றால் முந்திரி பொறுக்கும் காலம். பழம் தானாக விழ வேண்டும், விழுந்ததைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிப்பதற்காக இருட்டோடு கிளம்புவோம். அப்புறம் உட்கார்ந்து கொட்டை உடைக்கிற வேலை. அந்த ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்து உரியும், சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைப்போம். கல்லூரி திறந்த அன்று கையை ஷாலுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் தன் தேங்காய் எண்ணெய் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். அவளும் முந்திரிக்காட்டுப் பெண்தான் என்று அப்புறம் தெரிந்தது.

2011-இல் தானே புயல் அடித்தபோது எங்கள் பெரிய மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. இப்போது காய்ப்பவை அதற்குப் பிறகு அப்பா நட்டவை. அதனால் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அந்தத் தோப்புக்குள் போனால் எனக்கு ஒரு நிம்மதி. நீ ஊருக்குப் போ அக்கா.

பழைய மாணவன்

வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஏப்ரல் பிறந்தால் எனக்கு வயிற்றுக்குள் அந்தப் பழைய கலக்கம் வருகிறது. நான் கல்யாணப் பந்தியில் பரிமாறி மூன்று வருஷம் கட்டணம் கட்டினேன். சித்திரை, வைகாசி முகூர்த்தம் முழுக்க ஓட்டம், ஆடி வந்தால் கை காலி.

ஒரு வேலையை உடனே செய்யுங்கள் அம்மா. விடுதியைக் காலி செய்வதற்கு முன்பே கல்லூரி முதல்வரை நேரில் பாருங்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதம். அப்பாவின் தொழில், தடைக்காலத் தேதிகள், மீனவர் அடையாள அட்டை நகல் எல்லாம் அதோடு இருக்கட்டும். என் கல்லூரியில் அலுவலக ஜன்னலில் கேட்டபோது "அதெல்லாம் முடியாது, போ" என்று எல்லார் முன்னாலும் விரட்டினார்கள். அவமானத்தில் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் என் துறைத் தலைவர் கையைப் பிடித்து முதல்வர் அறைக்குக் கூட்டிப் போனார். ஐந்து நிமிஷத்தில் கையெழுத்துக் கிடைத்தது. அந்த ஒரு மாதத்தை நான் வீணாகப் பயந்து கழித்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கீச்சாங்குப்பம் பெண்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சைக்கு மறுநாளே கடிதம் கொடுத்தேன். கை நடுங்கியது. பாதி ஜூனில், மீதி ஆகஸ்டில் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை அப்பாவிடம் காட்டி, "இந்த வருஷம் போகாதீங்கப்பா, பாதிதானே கட்டணும்" என்றேன். அவர் தாளை இரண்டு தடவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் பத்து நாள் படகுத்துறையில் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போனார். சாயங்காலம் திண்ணையில் வலை. நான் ஊசிக்கு நூல் சுற்றினேன். காலையில் நானும் சும்மா இருக்கவில்லை, எங்கள் சுனாமிக் குடியிருப்பில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தலைக்கு 200 ரூபாய், இரண்டு வீட்டில் மீனாகத் தருகிறார்கள். அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பெயின்ட் வேலை முடிந்தது. குழுக் கடன் இரண்டு வாரம் நின்றுவிட்டது. அப்பா நாளைக்குக் காரைக்கால் – எர்ணாகுளம் ரயிலில் கிளம்புகிறார். போன வருஷம் மாதிரி நாற்பது நாள் இல்லை, இருபத்தைந்து நாள்தான். ஜூன் 14 நள்ளிரவு எங்கள் படகு புறப்படும்போது அவர் அதில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்கு நான்கு நாள் முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஜவுளிக்கடைக்கு நான் போகவில்லை. வேண்டாம் என்று அப்பாதான் சொன்னார்: "நான் வர்றப்ப நீ வூட்ல இருக்கணும் பாப்பா."

பெரிய வலையில் இன்னும் ஒரு பக்கம் பின்ன வேண்டியிருக்கிறது. சுருட்டித் திண்ணையிலேயே வைத்திருக்கிறோம். ஆறு ஊசியிலும் நூல் சுற்றி வைத்துவிட்டேன்.