ஆடுகள் சிறிது நேரம் சொல்வழி கேட்டுவிட்டுப் பிறகு சிதறுகின்றன: ‘ஃப்ளொக்’ விளையாட்டில் உதவி தேவை

கேள்வி: நானுஓயாவாசி

அனைவருக்கும் வணக்கம். 2009 இல் கேப்கொம் வெளியிட்ட ‘ஃப்ளொக்’ என்ற பழைய விளையாட்டை அண்மையில் என் மடிக்கணினியில் ஏற்றினேன். பறக்கும் தட்டு ஒன்றை ஓட்டி, அதன் அடியிலிருந்து விழும் ஒளியால் ஆடு, மாடு, கோழிகளை மிரட்டி ஓட்டிச் சென்று தாய்க்கப்பலில் ஏற்றுவதுதான் வேலை. நனைந்தால் ஆடு சுருங்கிவிடும் என்பதிலிருந்தே இது எவ்வளவு கோமாளித்தனமான விளையாட்டு என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முதல் சில நிமிடங்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. அதன் பின்னர் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. நான் தட்டைத் திருப்பினால் அது சற்றுத் தாமதித்தே திரும்புகிறது. அதற்குள் பாதி மந்தை பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. தெளிவுத்திறனைக் குறைத்தேன், நிழல்களை நிறுத்தினேன், விளையாட்டை நீக்கி மீண்டும் ஏற்றினேன், எதனாலும் பயனில்லை. சார்ஜரை இணைத்தபடியேதான் விளையாடுகிறேன். இரவில் எங்கள் பகுதியில் மின்குமிழ் மங்கி எரிவதால், மின்னழுத்தக் குறைவுதான் காரணமோ என்று ஐயப்படுகிறேன்.

பதில்: ஹட்டன் தம்பி

அண்ணா, மின்னழுத்தத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான மடிக்கணினிச் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் வகையில் செய்யப்பட்டவை. உங்களுடையதன் அடிப்பக்க ஒட்டியிலும் அவ்வாறே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குமிழ் மங்கினாலும் கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல. எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்று: விளையாடும்போது கணினியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நானுஓயாவாசி

கட்டிலில்தான், தம்பி. இந்தக் குளிரில் மேசையருகே உட்கார முடியுமா? காலில் கம்பளியைப் போர்த்தி, அதன் மேல் கணினியை வைத்துக்கொள்கிறேன்.

பதில்: ஹட்டன் தம்பி

நினைத்தேன். குளிர்ப் பிரதேசத்தில் கணினி சூடாகாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அறை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், அடியிலுள்ள காற்றுத் துவாரங்களைக் கம்பளி அடைத்துவிட்டால் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் ஏறத்தாழ 95 அல்லது 100 பாகை செல்சியஸை எட்டும்போது, தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சிபியு, அதாவது கணினியின் மையச் செயலி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் சில நிமிடங்கள் நன்றாக இருந்துவிட்டுப் பின்னர் கெடுவது அதனால்தான்.

நீங்கள் செய்த மாற்றங்கள் பயன் தராததற்கும் காரணம் உண்டு. தெளிவுத்திறனும் நிழலும் குறைந்தால் வரைகலைப் பகுதிக்குத்தான் சுமை குறையும். விலங்குகள் ஒன்றையொன்று இடித்து உருள்வது, வேலி சாய்வது போன்ற இயற்பியல் கணக்குகளை இத்தகைய பழைய விளையாட்டுகளில் பெரும்பாலும் சிபியுவே போடுகிறது. அது பின்தங்கினால் நீங்கள் கொடுக்கும் கட்டளையும் பிந்தித்தான் போய்ச் சேரும்.

உறுதிசெய்துகொள்வது எளிது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியுவின் வேகம் காட்டும் பக்கத்தைப் பாருங்கள். படம் வெட்டும் நேரத்தில் அந்த எண் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கியிருந்தால் வெப்பம்தான் காரணம் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். கம்பளியை விட முடியாதென்றால், கணினிக்கும் அதற்கும் இடையில் ஒரு பலகையையாவது வையுங்கள்.

பதில்: பட்டிப்பொல அக்கா

தம்பி சொன்னது சரி. ஆயினும் மந்தை சிதறுவதற்குக் கணினியை மட்டும் குறை கூற வேண்டாம். ஓட்டுகிற முறையும் இருக்கிறது. எங்கள் வீட்டில் மாடு வளர்க்கிறோம். மாட்டின் கண்கள் இரு பக்கமும் இருப்பதால் நேர் பின்னால் நிற்பவரை அது பார்க்க முடியாது; அங்கே நின்று அதட்டினால், யாரென்று பார்க்க உடலையே திருப்பும். தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் இரண்டடி கிட்டே போனால் முன்னே நடக்கும். நாம் பின்வாங்கினால் நின்றுவிடும். கொஞ்சம் அதிகமாக நெருங்கினாலோ, தெறித்து ஓடும்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் மாட்டுக் கண்ணையெல்லாம் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒளியை மந்தையின் நடுவில் பாய்ச்சினால் நாலா பக்கமும் சிதறுகின்றன. பின் விளிம்பை மட்டும் தொடுமாறு இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினால் சேர்ந்தே நகர்கின்றன. பாலம் போன்ற ஒடுங்கிய இடத்தில் தட்டை நன்றாகப் பின்னால் இழுத்து, முன்னால் போனவை கடக்கும்வரை காத்திருங்கள். ஒன்றிரண்டு பிரிந்தால் அவற்றைத் துரத்தாமல், பெரிய கூட்டத்தை முதலில் ஏற்றிவிட்டு வாருங்கள்.

நானுஓயாவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. கம்பளிக்கு மேல் சப்பாத்தி உருட்டும் பலகையை வைத்து விளையாடினேன். வெட்டு நின்றுவிட்டது, வீட்டில் பலகையைத் தேடினார்கள் என்பது தனிக்கதை. அக்கா சொன்னபடி விளிம்பைத் தொட்டு ஓட்டியதில் ஆடுகள் முழுவதும் ஏறிவிட்டன. மாடுகள் மட்டும் ஓடத் தொடங்கினால் வேலியையும் உடைத்துக்கொண்டு போகின்றன. அதுவும் வெப்பத்தின் விளைவா?

பதில்: ஹட்டன் தம்பி

இல்லை அண்ணா, அது மாட்டின் இயல்பாகவே விளையாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. மிரண்ட மாட்டுக் கூட்டம் பாய்ந்து தடைகளைத் தகர்க்கும். கோழி உயரத்திலிருந்து விழுந்தால் சிறகடித்து மிதக்கும். ஆகவே வழி அடைபட்ட கட்டங்களில் மாடுகளை முதலில் வேலியை நோக்கி நேராக நிறுத்தி, ஒளியை மிக நெருக்கமாகக் கொண்டுபோய் வேண்டுமென்றே மிரட்டுங்கள். வேலி உடைந்ததும் ஒளியை உடனே விலக்கிவிடுங்கள், ஏனெனில் அதே வேகத்தில் போனால் அடுத்ததாக வருவது பெரும்பாலும் பள்ளம்தான்.